இடம் நிச்சயிக்கப்படாதவை

சட்டன், லண்டன்
06.12.2009

அன்பின் தர்ஷன் அண்ணாவுக்கு,

தங்கை லோஜினி எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். நீங்களும் தர்மிகாவும் அந்தக் குளிருக்கு ஏற்றமாதிரி உடுத்திக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரெலிபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். ரெலிபோனில் நான் மூன்றாவது வசனத்தைத் தொடங்குமுன் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. வைத்தாலும் மேசையில் கிடக்கும்.

முதலில் வீட்டுப் புதினம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் அவவைப் பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து சாப்பாடு பரிமாறுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பிள்ளைகள் "மிஸ் ஜெகா" என்று கூப்பிடுகிறார்களாம். கரட்டை ஒதுக்குகிற பிள்ளைகளுக்கு அம்மா தமிழில்தான் பேச்சுக் கொடுக்கிறா. அவர்களுக்கு விளங்குகிறதாம்.

இனி, அட்டை.

போன சனிக்கிழமை வெம்பிளியிலிருந்து சிவகௌரி சித்தி உங்கள் கலியாண அட்டையின் மாதிரியோடு வந்தா. லண்டனில் உள்ளவர்களுக்கான அட்டைகளை டூட்டிங்கில் அடிக்கச் சொல்லி அவவிடம் பொறுப்புக் கொடுத்திருந்தீர்கள் அல்லவா, அது. குங்கும நிறத் தாளில் பொன்னிற எழுத்து. உள்ளே, "அமரர் ஞானேஸ்வரன் – ஜெகதீஸ்வரி தம்பதிகளின் ஏக புதல்வன்" என்று இருந்தது.

அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முன்பக்கம் பின்பக்கம் முழுவதும் வாசித்தா. "எழுத்து வடிவாயிருக்கு" என்று சொன்னா. அதைப் பழத்தட்டுக்குக் கீழே வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனா. அழவில்லை. அழுதிருந்தால் இந்தக் கடிதம் வேறுமாதிரி இருந்திருக்கும்.

சித்தி கெட்டவ இல்லை. வரும்போது ரோல்ஸும் வடையும் செய்து கொண்டுவந்திருந்தா. அவற்றைத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் மீதியையும் சொன்னா. மணவறையில் பெற்றோரின் இடத்தில் அவவும் அருட்பிரகாசம் சித்தப்பாவும் நிற்பார்களாம். அம்மா முன்வரிசையில் "வடிவாய் இருக்கட்டும்" என்றா. அதற்கு முன்பு, தை பிறக்கமுதல், அப்பாவுக்கு இங்கே கோயிலில் ஓர் ஆத்மசாந்திப் பூசை. ஒரு முடிவு வந்தால் எல்லாருக்கும் லேசு என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னா. பெண் வீட்டார் நாலு பேர் நாலு கதை கதைப்பார்கள், அதற்கு இடம் வைக்கக் கூடாது என்றும் சொன்னா.

அம்மா கேட்டது ஒன்றுதான். "திதி தெரியாத ஆளுக்கு ஐயர் எந்த நாளில செய்வார்?" என்று கேட்டா. அமாவாசையில் செய்யலாமாம் அக்கா என்றா சித்தி. "அப்ப அமாவாசைக்கு அமாவாசை ஐயருக்கு நல்ல வேலைதான்" என்று சொல்லிவிட்டு அம்மா எழும்பிப்போய், திங்கட்கிழமைக்கு வேண்டிய ஏப்ரனை அயன் பண்ணத் தொடங்கிவிட்டா.

அண்ணா, நீங்கள் ரொறன்ரோவுக்குப் போனபிறகு இங்கே நடந்த ஒன்று உங்களுக்குத் தெரியாது. சித்தியின் மகள் லக்‌ஷிகாவின் சாமத்திய நீராட்டுச் சடங்கில் ஆலாத்தி எடுக்கச் சுமங்கலிகள் வாருங்கள் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். அம்மா பொட்டும் தாலிக்கொடியுமாக எழும்பிப் போய்த் தட்டில் கை வைத்தா. யாரோ ஒரு மனுசி, "அக்கா, நீங்கள் இருங்கோ" என்று தட்டைப் பக்குவமாக வாங்கிவிட்டா. அதே வருடம் ஐப்பசியில், கணவனை இழந்த பெண்களுக்கு மண்டபத்தில் ஏதோ கூட்டம் வைத்து உதவிப் பொருள் கொடுத்தார்கள். அங்கே பெயர் பதியப் போனபோது, பொட்டோடு வந்து நிற்கிறீர்களே என்று கேட்டார்களாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "நான் ரெண்டு பக்கத்தாலயும் வெளியால" என்று சிரித்தா. அதன்பிறகு கொண்டாட்டம் எதற்கும் போவதில்லை. முழங்கால் நோ என்று சொல்லுவா.

நான் செய்கிற வேலையைப் பற்றி நீங்கள் ஒருநாளும் சரியாகக் கேட்டதில்லை. "நூதனசாலையில ஏதோ குருவி வேலை" என்று சிநேகிதர்களிடம் சொல்வீர்களாம். பரவாயில்லை. இப்போது சொல்கிறேன். அட்டைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

எங்கள் பல்கலைக்கழக நூதனசாலையின் நிலக்கீழ் அறையில் அமெரிக்கக் கண்டங்களின் பாட்டுப் பறவைகள் அலுமாரி இழுப்பறைகளில் லாச்சி லாச்சியாகக் கிடக்கின்றன. நூறு வருடத்துக்கு முன்பு பிடித்துப் பாடம் செய்தவை. (ஹொலண்டில் பள்ளிக்குப் போன முதல் வாரம் ரீச்சர் லாச்சியைத் திற என்று சொன்னது எனக்கு விளங்கிவிட்டதே, நினைவிருக்கிறதா? அந்த நாட்டில் எனக்குத் தெரிந்திருந்த ஒரே சொல். ஒல்லாந்தர் எங்களிடம் விட்டுப்போனதை நான் திருப்பிக் கொண்டுபோயிருந்தேன்.) அவற்றில் டனஜர் என்றொரு கூட்டம் இருக்கிறது. ஒரே பறவையில் பச்சைத் தலை, நீல நெஞ்சு, கறுப்பு முதுகு, அதில் சிவப்பும் மஞ்சளும். முதல்நாள் அந்த லாச்சியைத் திறந்தபோது யாரோ கூறைச்சேலைக் கடையைக் கொட்டிவிட்டதுபோல இருந்தது.

இவற்றை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று பல காலமாகப் பிரச்சினை. நிறமாக இருக்கிறது, பழம் தின்கிறது, சொண்டு தடிப்பாக இருக்கிறது, அப்படியென்றால் டனஜர் என்று முந்தியவர்கள் போட்டுவிட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து போய்க் குடியேறினவர்கள் இன்னும் மோசம். தங்கள் ஊர்ப் பறவையின் சாயல் கொஞ்சம் தெரிந்தால் அந்தப் பெயரையே வைத்துவிடுவார்கள். எங்கள் ஊர் மாம்பழக்குருவியின் பெயரைத் தாங்கிய மஞ்சள் பறவைகள் அங்கே நிறைய உண்டு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் நாங்களும் ஹொலண்டில் கிடைத்த பச்சை இலை எல்லாவற்றையும் கீரை என்றுதானே சுண்டினோம்.

உங்கள் பக்கத்தில் ஒரு டனஜர் உண்டு. கோடையில் ஒன்ராறியோக் காடுகளுக்கு வரும். உடம்பு முழுவதும் இரத்தச் சிவப்பு, செட்டை மட்டும் கறுப்பு. இந்த டிசம்பரில் தேடாதீர்கள், அது தென்னமெரிக்காவுக்குப் போயிருக்கும். இந்த வருடம் அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் தன் பட்டியலைத் திருத்தி, இந்தச் சிவப்புப் பறவையையும் அதன் நெருங்கிய இனங்களையும் டனஜர் குடும்பத்திலிருந்து எடுத்துக் கார்டினல் குடும்பத்தில் வைத்துவிட்டது. மரபணுவைப் பார்த்துச் செய்த மாற்றம். பெயர் மட்டும் இன்னும் டனஜர். செப்டம்பரிலிருந்து என் வேலை, அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி அடுத்த அலுமாரிக்குக் கொண்டுபோய், காலில் புதுப் பெயர்ச்சீட்டுக் கட்டுவது.

கட்டுவதற்கு ஒரு விதி இருக்கிறது. என் மேலாளர் ஹெலன் முதல்நாளே சொன்னா, பழைய சீட்டை அவிழ்த்தால் வேலை போய்விடும் என்று. புதியது எதுவானாலும் பழையதற்குப் பக்கத்தில்தான் கட்டவேண்டும். சில பறவைகளின் காலில் நாலைந்து சீட்டுத் தொங்கும். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் இது இன்ன குடும்பம், இல்லை இன்ன குடும்பம் என்று தங்கள் அபிப்பிராயத்தைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். முதல் சீட்டில் அபிப்பிராயம் குறைவு. எந்த இடம், எந்த நாள், யார் கண்டது, கண்ணின் நிறம் என்ன. இறகின் நிறம் பாடம் செய்தபிறகும் நிற்கும், கண்ணின் நிறம் நிற்காது. அதனால் கண்டவர் அந்த இடத்திலேயே பார்த்து எழுதிவிடுவார். அவர் எழுதாவிட்டால் அதற்குப் பிறகு ஒருவருக்கும் தெரியவராது.

புதன்கிழமை அம்மாவின் பள்ளியில் ஹீற்றர் பழுதாகிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா வீட்டில் தனியே இருந்து அந்தப் பழத்தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று நான் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஹெலன் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தா. அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு லாச்சியாகப் பார்த்தா. சிவப்புப் பறவைகளின் நடுவில் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒன்று, செட்டை கறுப்பு. இது பெஞ்சாதியோ என்று கேட்டா. இல்லை அம்மா, அதுவும் ஆண்தான், குஞ்சுகளை வளர்த்து முடிந்ததும் சிவப்பைக் கழற்றிவிடும், மாரி முழுக்க இப்படித்தான் இருக்கும் என்றேன். "அப்ப ஒருத்தரும் ஆள் மாறிப் போடேல்லையோ?" என்றா. போட்டிருந்தார்கள். ஒரு சீட்டில் பெண் என்று இருந்தது. அடுத்த சீட்டில் வேறொருவர், இல்லை, ஆண் என்று எழுதியிருந்தார். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தா.

கடைசியில் ஓரமாக இருந்த லாச்சி ஒன்றைத் திறந்துகாட்டினேன். மஞ்சள் வயிறு, வளைந்த சொண்டு, கட்டைவிரல் அளவான குருவிகள். கரிபியன் தீவுகளில் வீட்டுக்குள்ளேயே வந்து சீனிக் கிண்ணத்தில் இருக்குமாம். இவற்றை ஒருகாலத்தில் ஒரு குடும்பத்தில் வைத்தார்கள், பிறகு தனிக்குடும்பம் என்றார்கள், பிறகு அதுவும் சரியில்லை என்றார்கள். இப்போது அந்த லாச்சியின் வெளிப்பக்கத்தில் இலத்தீனில் இரண்டு சொற்கள் ஒட்டியிருக்கின்றன. என்ன அர்த்தம் என்று அம்மா கேட்டா. "இடம் நிச்சயிக்கப்படாதவை" என்றேன்.

அம்மா குனிந்து அந்த ஒட்டுத்தாளைக் கிட்டப் பார்த்தா. பிறகு, "படிச்ச ஆக்களோ இதைப் போட்டவை?" என்றா. ஓம் என்றேன். "தெரியாது எண்டு வெளியாலயே ஒட்டி வச்சிருக்கினம். வெக்கமில்லையோ?" என்றா. இல்லை அம்மா, தெரியாததைத் தெரியும் என்று எழுதுவதுதான் இங்கே வெட்கம் என்றேன். அவ அந்த லாச்சியின் பிடியைத் தடவிக்கொண்டு, "அப்ப எனக்கும் ஒரு லாச்சி இருக்கு" என்றா. பகிடியாகத்தான் சொன்னா. நான்தான் பகிடியாக எடுக்கவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிய டூட்டிங்குக்குப் போய் அச்சகத்தைக் கண்டுபிடித்தேன். அச்சகம் நடத்துகிற இராஜேந்திரன் அண்ணை தங்கமான மனிசன். மாப்பிள்ளையின் தங்கச்சி என்றதும் இருக்கச் சொல்லி, கொம்பியூட்டரில் அட்டையைத் திறந்து காட்டினார். அந்த ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் முகத்தைத் தடவிக்கொண்டு, "தங்கச்சி, ஒண்டில் திரு, இல்லாட்டி அமரர். நடுவில போட என்னட்ட ஒண்டும் இல்லை" என்றார். ஒன்றும் போடவேண்டாம், பெயரை மட்டும் விடுங்கள் என்றேன். "வெறும் பெயராவோ? மரியாதை இல்லாமல்லோ கிடக்கும்" என்றார். அம்மாவின் பெயருக்கும் முன்னால் ஒன்றும் போடவேண்டாம், இரண்டு பேரும் சமமாக இருக்கட்டும் என்றேன். பெரிய ஆட்களைக் கேட்டனீங்களோ என்றார். இந்த விசயத்தில் நான்தான் பெரிய ஆள் என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு அழித்துவிட்டார். அங்கேயே நின்று கடைசி அட்டைவரை அடித்து முடிக்கப்பண்ணித்தான் வந்தேன். பெட்டி இப்போது என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. நாளைக்கு விலாசம் எழுதத் தொடங்குகிறேன். சித்தி உங்களுக்கு ரெலிபோன் எடுத்து என்னைப் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மைதான், மறுக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை இன்னொன்றும் செய்தேன். அதற்கு உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். தர்மிகாவின் தாயார் கனகாம்பிகை மாமிக்கு நானே ரெலிபோன் எடுத்தேன். பெண் வீட்டாருக்கு அம்மா மணவறையில் நிற்பது பிடிக்காவிட்டால் அதை அவர்கள் வாயால் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் எடுத்தேன். மாமி நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "பிள்ளை, நாங்கள் ஒண்டும் கேக்கேல்லையே" என்றா. "கொண்ணன்தான் முதல்நாளே அப்பா செத்துப்போனார் எண்டு சொன்னவர். கொம்மா பொட்டு வைக்கிறவ எண்டதே எனக்கு இப்பதான் தெரியும்" என்றா. பிறகு, "அவ வந்து நிக்கட்டும் பிள்ளை. என்ர மூத்த தமையனும் எங்க எண்டு தெரியாமல்தான் இருக்கிறார்" என்றா.

ரெலிபோனை வைத்துவிட்டு நான் படிக்கட்டில் இருந்தேன். பெண் வீட்டார், நாலு பேர், நாலு கதை, ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லை எழுதியது நீங்கள்.

அண்ணா, எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஆனால் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீங்களும் அப்பாவும் இரண்டு சைக்கிளில் போனீர்கள். சந்தியில் ஆமிக் காவலரணில் அப்பாவை மட்டும் இறக்கி உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னேரம் நீங்கள் இரண்டு சைக்கிளையும் உருட்டிக்கொண்டு படலைக்குள் வந்தீர்கள். அன்றைக்கு அம்மா கேட்டா, பிறகு மாமாமார் கேட்டார்கள், ஹொலண்டில் அகதி விசாரணைக்காரர் கேட்டார்கள். காவலரணில் மறித்தார்கள், வரவில்லை. அந்த இரண்டு வசனத்துக்கு மேல் நீங்கள் யாருக்கும் எதுவும் சொன்னதில்லை. உங்களுக்கு அது முடியவேண்டும் என்று இருக்கிறது. எனக்கு விளங்குகிறது. அப்பா இருக்கிறார் என்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. நான் படித்த படிப்பு அப்படிச் சொல்ல விடாது. அதே படிப்பு, இல்லை என்றும் எழுத விடாது. நீங்கள் உங்கள் மனதுக்குள் எந்தச் சீட்டை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. அம்மாவின் நெற்றியிலிருந்து எதையும் அவிழ்க்க உங்களுக்கு உரிமை இல்லை. சித்திக்கும் இல்லை, ஐயருக்கும் இல்லை.

ஆகவே இதுதான் முடிவு. பூசை நடக்காது. தம்பதிகளாக நின்று செய்யவேண்டிய கிரியை எதுவோ அதைச் சித்தியும் சித்தப்பாவும் வந்து செய்துவிட்டு இறங்கட்டும், அவர்களோடு எனக்குக் கோபம் இல்லை. மற்ற நேரம் முழுவதும் அம்மா மணவறையில், தாய் நிற்கவேண்டிய இடத்தில், பொட்டோடும் கொடியோடும் நிற்பா. அவவின் பக்கத்து இடம் அப்படியே இருக்கட்டும். வீடியோக்காரர் வெறுமையாகத் தெரிகிறது என்று சொன்னால் சொல்லட்டும். அம்மாவை முன்வரிசையில் இருத்துவதாக இருந்தால் கூறைத்தட்டுத் தூக்க வேறு தோழியைப் பாருங்கள். நானும் அந்த வரிசையில்தான் இருப்பேன், கைகட்டிக்கொண்டு.

நீங்கள் ஓம் என்றுதான் சொல்லப்போகிறீர்கள் என்று அம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. நேற்று டூட்டிங்கில் அரக்கு நிறத்தில் ஒரு சேலை எடுத்தா. முழங்கால் நோவைப் பற்றிப் பேச்சே இல்லை.

இந்தக் கடிதத்தை அவவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒளித்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரு இடத்திலும் மறிக்காமல் கேட்டா. மாமி சொன்ன இடத்தில் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. உங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. எழுதி முடிக்கிறாய் என்றால் இதையும் எழுது என்று ஒன்று சொன்னா. அவ சொன்னபடியே எழுதுகிறேன்:

"கொண்ணனைக் கேள், அண்டைக்குக் கொப்பர் என்ன நிறச் சேட்டுப் போட்டவர் எண்டு. நான் நீலம் எண்டுதான் வச்சிருக்கிறன். அவன்தான் கடைசியாப் பாத்தவன், அவனுக்குத்தான் சரியாத் தெரியும்."

பதில் எழுதவேண்டாம், ரெலிபோனிலும் வேண்டாம். நாங்கள் ரொறன்ரோவில் வந்து இறங்கும்போது எயர்ப்போட்டுக்கு நீங்களே வாருங்கள். அம்மாவை முன்சீற்றில் இருத்துங்கள். நான் பின்னால் இருந்து நித்திரைபோல இருப்பேன். வீடு போய்ச் சேருமுன், அந்த நிறத்தை அவவிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்களும் தர்மிகாவும் நீண்ட காலம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாழவேண்டும் என்று மனதார விரும்பும்,

உங்கள் அன்புத் தங்கை
லோஜினி